ஓடைக்கரையில் போட்ட பந்தி

ஓட்டல் கவுண்டருக்குப் புதிதாக எடுத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் 'பழைய கை' என்ற முறையில் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மேனேஜர் சொல்லிவிட்டார். பழைய கைக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெற்றவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செய்யவேண்டிய காரியம் இது. என்னிடம் ஏன் வந்தது என்றால், 'யார் எழுதுகிறீர்கள்?' என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். இந்தக் கை எப்போதும் இப்படித்தான், மூளைக்கு முன்னால் போய்விடும். நான் சொல்லப்போவதும் அதனால் வந்த வினைதான்.

சாவியை எப்படி வாங்குவது, ரிஜிஸ்தரில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. மெட்ராஸில் இந்த ஐந்து மாடி ஓட்டலுக்கு வருவதற்கு முன்னால் நான் இருந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே லிப்ட் இருக்கிறது, அறைக்கு அறை டெலிபோன் இருக்கிறது. இருந்தும் ராத்திரி படுத்தால் கனவில் வருவது அந்தப் பத்து அறை லாட்ஜ்தான்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், கணியம்பாடியிலிருந்து அமிர்திக் காட்டுக்குப் போகும் சாலையில் இருந்தது அது. வேலூர்க்காரர்களுக்கு அந்தக் காடுதான் பூங்கா. டவுனில் இருக்கும் பார்க்கில் நாலு குரோட்டன்ஸ் செடியும் ஒரு சிமெண்ட் பெஞ்சும்தான். எனவே ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பாட்டுக் கூடையும் ஜமக்காளமுமாகக் குடும்பம் குடும்பமாக பஸ் ஏறிவிடுவார்கள். மருத மரமும் நாவல் மரமும் வெயிலே விழாமல் மூடியிருக்கும். நடுவில் ஓடை. இன்னும் மேலே ஏறினால் அருவி. ஒரு நாளில் பார்த்து முடிக்க மனம் வராதவர்கள் எங்கள் லாட்ஜில் தங்குவார்கள். புதுக் கல்யாண ஜோடிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஆம்பூர் வாணியம்பாடித் தோல் வியாபாரிகள். ஒருமுறை தலைமையாசிரியர் ஒருவரின் மூக்குக்கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் அவருக்கு நான்தான் பேப்பர் படித்துக் காட்டினேன். காலையில் வெந்நீர் அண்டாவிலிருந்து கிளம்பும் புகை, முன்வராந்தாவில் குவித்திருக்கும் புளியின் வாசனை, முதல் பஸ்ஸின் ஹாரன். எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். சொல்லவேண்டும் போல இருக்கிறது.

லாட்ஜில் நிரந்தரமாக இருந்தவர்கள் இரண்டே பேர். கவுண்டரில் நான், சமையலில் கன்னியம்மா. ஒடுகத்தூர்க்காரி, நாற்பது வயது இருக்கும். என்னை 'பிஏ' என்றுதான் கூப்பிடுவாள். பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது பாதியில் விட்டுவிட்டு வந்தவன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கூப்பிடுவாள்.

வந்த மூன்றாம் மாதமே எனக்குக் கை துறுதுறுத்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: 'எப்படிப் போகணும், எங்க உக்காரலாம், கும்பல் இல்லாத எடம் எது?' நூறு பேருக்கு வாயால் சொல்வதைவிட ஒரு படம் போட்டுக் கொடுத்தால் என்ன? பங்குனி மாதம் ஒரு நாள் காட்டுக்குள் போனேன். பூங்காவின் வழி முழுக்க ஓடைக்கு இந்தப் பக்கமே போகிறது. அந்தப் பக்கம் பார்த்தால் ஒரு அகலமான பாறை, மேலே குடை பிடித்த மாதிரி மரம், ஒரு ஈ காக்கை இல்லை. ஓடையில் கணுக்கால் தண்ணீர். நடுவில் யாரோ எடுத்து வைத்த மாதிரி ஏழு கற்கள் வரிசையாக இருந்தன. ஏழையும் தாண்டி அந்தப் பாறையில் போய் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்ததும் படம் வரைந்தேன். ஏழு கற்களையும் ஏழு வட்டமாகப் போட்டு, பாறைக்கு 'அமைதியான இடம்' என்று பெயரும் எழுதி, வேலூரில் இருநூறு பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கன்னியம்மா ஒன்றை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. இதுல எங்க வூடு எங்க?"

"ஒடுகத்தூர் இதுல வராது கன்னியம்மா."

"அப்ப எனுக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மற்றவர்களெல்லாம் பாராட்டினார்கள். முதலாளி ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் அரை அங்குலம் வளர்ந்தேன்.

அது பங்குனி. நான் சொல்லும் சம்பவம் நடந்தது புரட்டாசியில்.

வாணியம்பாடியிலிருந்து தோல் மண்டிக்காரர் கரீம் சாகிப் குடும்பத்தோடு வந்திருந்தார். அறுபது வயது, நல்ல கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. கவுண்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்காரும்போதே, "தம்பி, நான் ஒக்காந்தா எழுந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். தரைல ஒக்காந்தேன்னா அங்கியே குடியிருக்க வேண்டியதுதான்" என்றார். அவரோடு மகன் யூசுப், மருமகள், ஐந்து வயசுப் பேத்தி மும்தாஜ். பேத்தி அவரை 'தாதா' என்று கூப்பிடுவாள். அவர் கை விரலைப் பிடிக்காமல் ஒரு படிகூட இறங்க மாட்டாள். வீட்டிலேயே செய்த பிரியாணியைப் பெரிய தேக்சாவில் மூடித் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மகனும் மருமகளும் குழந்தையும் காட்டுக்குக் கிளம்பினார்கள். மூட்டுவலிக்காரர் நடக்க முடியாது என்று லாட்ஜிலேயே தங்கிவிட்டார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. யூசுப் கேட்பதற்கு முன்பே நான் ஒரு படத்தை எடுத்து நீட்டி, அந்தப் பாறையை விரலால் தொட்டும் காட்டினேன். "கொழந்தையோட போறீங்க, இங்க போங்க, கும்பலே இருக்காது" என்றேன்.

இரண்டு மணி ஆயிற்று. வரவில்லை. இரண்டேகால். கன்னியம்மா சாகிப்பிடம் வந்து, "நீங்க ஒரு வாய் சாப்பிடறீங்களா?" என்றாள்.

"பேத்தி வராம எனக்கு எறங்காதும்மா. தொட்டேன்னு தெரிஞ்சா மூணு நாளைக்குப் பேசாது" என்று சிரித்தார்.

இரண்டரைக்குப் பொன்னன் வந்தான். மேலே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமையும் புளியும் விளைவிக்கிறவன். ஒத்தையடிப் பாதையாக இறங்கி வந்து எங்கள் வராந்தாவில் மூட்டையை வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பது அவன் வழக்கம். கீழே பளிச்சென்று வெயில். அவன் போர்த்தியிருந்த கம்பளி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இன்னா பொன்னா, கொளத்துல வுழுந்தியா?" என்றாள் கன்னியம்மா.

"மேல ஒரே ஊத்துக்கா. வேறெங்கியும் இல்ல, மலையில மட்டும்தான். தண்ணி எனக்குப் பின்னாலயே வந்துகினு கீது." கம்பளியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தான். "சார், ஓடைக்கி அந்தாண்ட ஆளு யாரும் இல்லியே?"

எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏழு வட்டங்கள் தெரிந்தன. இந்தப் பக்கத்து மனிதர்கள் எவருக்கும் புரட்டாசி மத்தியானத்தில் ஓடையைத் தாண்டத் தோன்றாது. அதை யாருக்கும் வாயால் சொல்லவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருந்ததில்லை. சொல்லாததால் எனக்குத் தெரியவில்லை. நானாகவும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் காட்டைப் படித்து முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

நான் வெளியே ஓடி சைக்கிளை எடுத்தேன். சாகிப் அதற்குள் எழுந்து நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும். நேராக வந்து கேரியரில் ஏறி உட்கார்ந்தார். அவ்வளவு கனத்தை வைத்து அதற்கு முன் நான் மிதித்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை. அரை மைல். பின்னாலேயே பொன்னனும் கன்னியம்மாவும் ஓடி வந்தார்கள். பொன்னன் தலையில் தேக்சா. எதற்கு என்று கேட்க எனக்கு நேரமில்லை. "புள்ள காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல பிஏ, எங்க நின்னாலும் பசிக்கும்" என்று கன்னியம்மா பிறகு சொன்னாள்.

ஓடை இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஏழு கற்களில் ஒன்றையும் காணோம். மரக்கிளைகள் சுழன்று சுழன்று போயின. எதிர்க்கரையில், அறுபது எழுபது அடி தள்ளி, மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தப் பாறை நல்ல உயரத்தில் இருந்தது. எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அங்கே ஏறாது. அங்கேயே நின்றிருந்தால் ஒரு ஆபத்தும் இல்லை.

ஆனால் அவர்கள் சாகிப்பைப் பார்த்துவிட்டார்கள். சாகிப் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்விட்டார். குழந்தை துள்ளியது. யூசுப் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, மும்தாஜைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார்.

"வராதீங்க, வராதீங்க" என்று நான் கத்தினேன். அந்த இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. இரண்டு கைகளாலும் போ, போ என்று வீசிக் காட்டினேன். அவர் இன்னும் இரண்டு அடி வைத்தார். தண்ணீர் தொடைக்கு வந்தது. நான் இன்னும் வேகமாக வீசினேன். அவர் இன்னும் ஒரு அடி வைத்தார்.

"சார், கைய எறக்கு. நீ கூப்பட்ற மாரி கீது" என்றான் பொன்னன்.

நண்பர்களே, எழுந்து நின்று ஒருமுறை செய்து பாருங்கள். 'வா' என்று கூப்பிட நாம் உள்ளங்கையைக் கவிழ்த்துத்தான் அசைக்கிறோம். 'அங்கேயே இரு, வராதே' என்று தள்ளுவதும் கிட்டத்தட்ட அதே அசைவுதான். பக்கத்தில் இருப்பவனுக்கு வித்தியாசம் தெரியும். எழுபது அடிக்கு அப்பால், பசியும் பயமுமாக, தோளில் பிள்ளையோடு நிற்பவனுக்குத் தெரிவது ஒன்றுதான்: கரையில் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு தனக்காக நிற்கிறார்கள்.

"நான் எறங்கறேன்" என்றேன்.

"நீ எறங்குனா அவரும் மடமடன்னு வருவாரு. தண்ணி இன்னும் ஏறுது."

என் உடம்பு முழுக்க ஓடு, ஏதாவது செய் என்று துடித்தது. அந்த நேரத்தில் எனக்குக் காடு உதவவில்லை, படிப்பு உதவவில்லை. உதவியது நம்முடைய இந்தக் கவுண்டர் வேலைதான். பஸ்ஸுக்காகப் பத்துப் பேர் வராந்தாவில் காத்திருப்பார்கள். நான் ஏதோ வேலையாக நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், பஸ் வந்துவிட்டது என்று பத்துப் பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "இன்னும் வரலைங்க" என்று வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள். நான் மறுபடி உட்கார்ந்தால்தான் உட்காருவார்கள்.

கரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"சாகிப், ஒக்காருங்க."

அவர் திரும்பவே இல்லை.

"சாகிப், நீங்க நிக்கறதாலதான் அவர் வர்றார். ஒக்காருங்க. கன்னியம்மா, அந்தத் தேக்சாவத் தொறந்து சோறு போடு."

கன்னியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆற அமர, கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவள் மாதிரி, துணியை அவிழ்த்து விரித்தாள். தேக்கு இலைகளைப் பறித்துக் கையால் துடைத்துப் போட்டாள். பொன்னனும் உட்கார்ந்தான்.

சாகிப் என்னைப் பார்த்துத் திரும்பினார். அந்த முகத்தை எழுத எனக்கு வரவில்லை. "என் பேத்தி தண்ணிக்கு நடுவுல கீது. என்னைச் சோறு துன்னச் சொல்றியா நீ?"

"நீங்க துன்னாத்தான் அவர் திரும்பிப் போவார். அவசரம் ஒண்ணும் இல்லைன்னு அவருக்கு வேற எப்படிங்க சொல்றது?"

தரையில் உட்காரவே முடியாது என்று சொன்ன மனிதர் அவர். பொன்னனின் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். கன்னியம்மா இலையில் பிரியாணியை வைத்தாள். அவர் மகனைப் பார்த்துக்கொண்டே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார்.

யூசுப் நின்றார். இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் எங்களையே பார்த்தார். தோளில் இருந்த குழந்தையும் பார்த்தது. சாகிப் இரண்டாவது முறை கையை இலைக்குக் கொண்டுபோனார். நான் சிரித்துக்கொண்டே கன்னியம்மாவிடம் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்பது போல இலையைக் காட்டினேன்.

யூசுப் திரும்பினார். ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தார். அடுத்த காலை வைத்தபோது சறுக்கியது. சாகிப்பின் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. "கைய நிறுத்தாதீங்க" என்றாள் கன்னியம்மா, குரலை உயர்த்தாமல். அவர் கை மறுபடி அசைந்தது. யூசுப் நிமிர்ந்து, இன்னும் இரண்டு அடி வைத்து, கரை ஏறிவிட்டார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். மூவரும் பாறைமேல் போய் உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் ஒரு பெரிய மரமே வேரோடு அந்த இடத்தின் வழியாகப் போயிற்று.

"எனக்கு அப்ப எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா?" என்று யூசுப் பிறகு சொன்னார். "நாங்க இங்க நிக்கறோம், இவங்க ஜாலியா பந்தி போட்டு சாப்பிட்றாங்களேன்னு. சரி, சாப்பிட்றாங்கன்னா நேரமாகும்போல, அவசரம் இல்லபோலன்னு திரும்பிட்டேன்." அந்தக் கோபம்தான் அவரைக் காப்பாற்றியது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். சாகிப் முதலில் தின்ற அந்த ஒரு பிடிக்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை என்பது பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும். கையை இலைக்குக் கொண்டுபோவார், வெறுங்கையை வாய்க்குக் கொண்டுவருவார், மென்றுகொண்டே இருப்பார். போதும் சாகிப், உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொன்னபிறகும் ரொம்ப நேரம் நிறுத்தவில்லை.

வெயில் மஞ்சளாகும்போது முதல் கல் வெளியே தெரிந்தது. பொன்னன் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு போய், குழந்தையைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மற்ற இரண்டு பேரும் கழியைப் பிடித்தபடி வந்தார்கள்.

சாகிப்புக்கு எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மகனைக் கேட்டார்: "அந்தாண்ட போவச் சொன்னது யாரு?"

யூசுப் சட்டைப்பையிலிருந்து ஈரக் காகிதத்தை எடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க. நான்தான் வரைஞ்சு கொடுத்தேன்" என்றேன்.

சாகிப் அதை வாங்கிப் பிரித்துத் தொடையில் வைத்து நீவிவிட்டார். நான் வேலையை விட்டுப் போவது, ஊருக்குக் கார்டு எழுதுவது, எல்லாவற்றையும் மனசுக்குள் முடித்துவிட்டேன்.

"நல்லாத்தான் வரையறே தம்பி" என்றார். "மரம் போட்டுக்கீறே, பாறை போட்டுக்கீறே, கல்லுகூட எண்ணிப் போட்டுக்கீறே. தண்ணி எங்க?"

அவர் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடமோ முதலாளியிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளியிடம் நானே சொன்னேன். சட்டத்தை நானே கழற்றினேன். மிச்சமிருந்த பிரதிகளைக் கன்னியம்மா மறுநாள் அண்டாவுக்கு அடியில் போட்டுவிட்டு, "இப்பத்தான் ஒனுக்குப் பிஏ பாஸு" என்றாள். அதன்பிறகு எந்த விருந்தாளிக்கும், அன்றைக்குக் காலையில் நானோ எனக்குத் தெரிந்த ஒருவரோ கண்ணால் பார்க்காத இடத்துக்கு நான் வழி சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். 'தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்' என்பதைச் சொல்லிப் பழகுங்கள். முதல் பத்து முறைதான் நாக்கு கூசும்.

இன்னொன்று. விருந்தாளிகள் நம் வாயைக் கேட்பதில்லை, நம் உடம்பைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் மூன்றாம் மாடியில் புகை வந்தபோது உங்களில் இரண்டு பேர் ஓடினீர்கள். தப்பு சொல்லவில்லை, நானும் ஓடுகிற ஜாதிதான். ஓடுவதற்கு முன் ஒரு மூச்சு விட்டுவிட்டு, யார் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அங்கேயே கரையில் எல்லாரும் உட்கார்ந்தோம். கன்னியம்மா நிஜமாகவே பரிமாறினாள். ஆறிப்போன பிரியாணி. பசியில் யூசுப்பும் மருமகளும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். மும்தாஜ் மட்டும் தாதாவிடம் போகவில்லை. எனக்கு மறுபக்கமாக வந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மும்தாஜ், இங்க வாம்மா" என்றார் சாகிப்.

"நீ என்னை வுட்டுட்டு சாப்ட்ட. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

எனக்குத் தாங்கவில்லை. பாப்பா, உன் தாதா ஒரு பிடிகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை, உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சாகிப்பின் கை என் முழங்கால்மேல் வந்து அழுத்தியது. இந்த முறை நான் அந்தக் கையைச் சரியாகப் புரிந்துகொண்டேன். தண்ணீரில் நின்றது ஒரு வேடிக்கை என்றுதான் இதுவரை அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது. காரணம் சொன்னால் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்து பயந்துவிடும்.

"ஆமாம்மா" என்றார். "தாதாவுக்கு ரொம்பப் பசிச்சுதா, சாப்ட்டுட்டேன்."

அவள் திரும்பவில்லை. அவர் தன் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து உருட்டி, என்னைத் தாண்டி அவள் தோளுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கை வலித்திருக்கும். இறக்கவில்லை. அவள் வாயைத் திறக்கிறவரைக்கும் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.